எங்களைத் தேயிலைச் செடியாகப் பதிவு செய்யுங்கள்

தேயிலைச் செடிக்குப் பசித்தால் அது வாய் திறந்து கேட்பதில்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இலை மஞ்சளித்தால் நைதரசன் போதவில்லை. ஓரம் கருகினால் பொட்டாசியம். நரம்புகளுக்கு நடுவே வெளிறினால் மக்னீசியம். இலை சிறுத்து அரிவாளாக வளைந்தால் துத்தநாகம். கண்டுபிடித்த மறுநாளே நிறுப்பார்கள், கலப்பார்கள், அடியில் போடுவார்கள், அல்லது இலையில் அடிப்பார்கள். நாற்றுமேடைக் கன்றுக்கு ரி 65, நட்ட கன்றுக்கு ரி 200, வளர்ந்த செடிக்கு வேறு கலவை, கவ்வாத்து வெட்டும்போது டொலமைட். இந்தப் பத்தியத்தை வகுக்க 1925 இலிருந்து ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரத்தினபுரிக்குப் பக்கத்தில், சென் ஜோக்கிம் தோட்டத்தில், தாழ்நிலத் தேயிலைக்கென்று அதற்குத் தனிக் கிளையே உண்டு.

கவனித்துப் பாருங்கள். எந்தத் துரையும் செடியின் அருகே குந்தியிருந்து, “அம்மா தேயிலையே, நைதரசன் நிறைந்த உணவுகளை நீயே தேடி உண்ண வேண்டும். உனக்கு விழிப்புணர்வு போதாது” என்று விரிவுரை நடத்தியதில்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்ததில்லை. மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். செடியும் தளிர்க்கிறது.

ஆகவே அதே இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இடுப்பில் படங்கும் வயிற்றில் பிள்ளையுமாக நிரை பிடித்து நிற்கும் பெண்களுக்காக ஒரு விண்ணப்பம் எழுதுவதென்றால், அது இப்படித்தான் இருக்க வேண்டும்:

“கனம் பொருந்திய துரை அவர்களுக்கு, எங்களைத் தேயிலைச் செடியாகப் பதிவு செய்து தருமாறு பணிந்து கேட்கிறோம். மழையிலும் வெயிலிலும் அதே மலையில்தான் நாங்களும் நிற்கிறோம். செடிக்கு இலக்கம் உண்டு, எங்களுக்கும் செக்ரோல் இலக்கம் உண்டு. இரண்டு பேருக்கும் சொந்த முகவரி கிடையாது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் ஒருமுறை எங்களை ஆட்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதால், இப்போது பெயர் மாற்றிப் பதிவதில் தங்களுக்குப் பெரிய சிரமம் இராது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நாற்றுமேடைக் கன்றுக்குரிய சலுகையை வழங்கினால் போதும். வளர்ந்த செடியின் மரியாதையை நாங்கள் கேட்கவில்லை.”

இந்த விண்ணப்பத்தைப் படித்துச் சிரிக்கிறவர்கள், அடுத்த கர்ப்பிணி கிளினிக்குக்கு ஒருமுறை போய் நின்று பார்க்கட்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் கர்ப்பிணிக்கு மாத்திரை இலவசம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம். பிறகு இரும்புச்சத்து, வைட்டமின் சி, கல்சியம். இடையில் ஒருதரம் பூச்சி மருந்து. மாத்திரையோடு வீடு தேடிப் போகும் மிட்வைஃப் மிஸியின் கால்வலியும் எனக்குத் தெரியும். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் களுத்துறையில் 1926 இல் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதை இன்றைக்கும் உலக மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை தோட்டத்து வாசலில் வந்து நின்றது என்பதையும், உள்ளே போக அதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன என்பதையும் அந்த மேடைகளில் சொல்வதில்லை. உள்ளே இருந்தது துரையின் ராச்சியம், தோட்டத்து டொக்டரின் ஒற்றை மருந்துப் போத்தல்.

ஃபோலிக் அமிலத்திலிருந்து தொடங்குவோம். பிள்ளையின் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் ஆகப்போகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் தான் முழுகாமல் இருக்கிறோமா என்பதே பெண்ணுக்கு நிச்சயமில்லை. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும் என்கிறார்கள். 1991 இல் லான்செட் இதழில் வந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, ஏற்கெனவே இந்தக் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அது திரும்ப வரும் ஆபத்து 72% குறைகிறது என்று காட்டியது. நமது குடும்ப சுகாதாரப் பணியகமும் சும்மா இருக்கவில்லை. புதிதாய் மணம் முடித்தவர்களுக்கென்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. அருமையான திட்டம். ஆனால் லயத்தில் பல சோடிகள் கல்யாணத்தைப் பதிவது பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க நேரும்போதுதான். அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர்கள் ‘புதுமணத் தம்பதி’ ஆகும் நாளில், அந்தப் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கும். குழாய் மூடி இரண்டு வருஷம்.

இந்த ஃபோலிக் அமிலத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. ஏனென்றால் அது எங்களைப் போன்ற பெண்களின் இரத்தத்திலிருந்து எடுத்த அறிவு. 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூல் ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒருவிதக் கடும் இரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமி என்று தேடினார், கிடைக்கவில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அங்கேதான் நோய் இருந்தது. பிறகு குன்னூரில், நீலகிரித் தேயிலைக்கு நடுவே இருந்த பாஸ்டர் நிலையத்தில் எலியில் சோதித்தார். குரங்கிலும் சோதித்துப் பார்த்தார். மதராசின் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். கடைசியில் அந்த நோயைத் தீர்த்தது ஒரு மலிவான சாமான்: மாமைட். ஆமாம், நம்முடைய கடைத்தட்டில் கறுப்புப் போத்தலில் நிற்கும் அதே மாமைட். 1931 இல் அவர் எழுதி வெளியிட்டார். அதற்குள் ஒளிந்திருந்த சத்தைப் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தது 1941 இல்.

அந்தக் குரங்குக்கு யாரும் விழிப்புணர்வு கொடுக்கவில்லை. மாமைட் கொடுத்தார்கள். அது பிழைத்தது. ஒரு கூலிக்காரப் பெண்ணின் சோகைக்கு மருந்து சாப்பாடுதான் என்று தெரிந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் கருத்தரங்கு வைக்கிறீர்கள்.

இனி கிளினிக்கு. சுவரில் படம்: ஈரல், முட்டை, மீன், கீரை, பால், ஆரஞ்சு. படத்துக்குக் கீழே வாங்கில் தோட்டத்துப் பெண்கள். விரிவுரை சிங்களத்தில் நடக்கிறது. கலவானை, நிவித்திகலப் பக்கத்துத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகள், இங்கே எல்லாமே சிங்களத்தில்தான் நடக்கும். 1987 இலேயே தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது என்ற செய்தி, வழியில் மண்சரிவோ என்னவோ, இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கொஞ்சம் படித்த தங்கச்சி ஒருத்தி பின்வாங்கிலிருந்து மெல்லிய குரலில் சொல்லிக்கொடுக்கிறாள்.

“இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோட போடக் கூடாதாம்.”

“அப்ப எதோட போடுறதாம்?”

“தேசிக்காய்த் தண்ணி, தோடம்பழத் தண்ணியாம்.”

வாங்கு முழுக்கச் சிரிப்பு. மிஸிக்குக் கோபம். “இவங்களுக்குச் சொன்னா விளங்குறதில்ல” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார், சிங்களத்தில். அது மட்டும் எல்லோருக்கும் விளங்குகிறது.

மிஸி சொன்னது உண்மைதான். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரை பருப்பிலிருந்து உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் சேராமலே போய்விடும். தேயிலையின் பொலிபீனோல்கள் இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. இங்கே ஒரு வேடிக்கை. அதே பொலிபீனோலைத்தான் வெளிநாட்டுப் பெட்டிகளில் ‘ஆரோக்கியம்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். தூர தேசத்துச் சீமாட்டிக்கு அது இதயத்தைக் காக்கிறதாம். பறித்தவளுக்கு அது இரத்தத்தைத் தடுக்கிறது. அவள் காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று, சாயத் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, வேலைக்கு ஆள் பதியும் பெரட்டுக்கு ஓடுகிறாள். பத்து மணிக்கு மலையில் மறுபடி தேத்தண்ணி. தேத்தண்ணி அவளுக்குக் குடிபானமல்ல, பசியை அடைக்கும் கல். அதை நிறுத்து என்று சொல்கிறவர்கள், அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்வதில்லை. படத்தில் இருக்கிறதே ஈரல், அதைக் காட்டுகிறார்கள்.

மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கிறாள், பீலிக்கரையில் எறிகிறாள் என்று அறிக்கை எழுதுகிறார்கள். ஏன் எறிகிறாள் என்று யாராவது கேட்டார்களா? இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும். மலம் கட்டும், கறுத்துப் போகும். பல குடும்பத்துக்கு ஒரு கக்கூசு இருக்கும் லயத்தில், விடியுமுன் வரிசையில் நின்று, ஆறரைக்குப் பெரட்டுக்கும் போக வேண்டிய ஒருத்திக்கு மலச்சிக்கல் என்றால் என்ன என்று எந்த நிபுணரின் அறிக்கையிலும் ஒரு வரி இல்லை. மலையில் நிற்கும்போது வயிறு கேட்டால் எங்கே போவது என்பதற்கும் வரி இல்லை. அவள் எறிந்தது அறியாமையால் அல்ல. கணக்குப் பார்த்துத்தான் எறிந்தாள்.

பூச்சி மருந்துக்கும் இதே கதை. கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கிறது என்று கண்டு, 1916 இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை ஆட்கள் மாத்தளைத் தோட்டங்களில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்து போதாது, மலகூடம் கட்டுங்கள் என்றும் சொன்னார்கள். மருந்தைத் துரைமார் வரவேற்றார்கள். மலகூடத்துக்குச் செலவாகுமே. நூறு வருஷம் கழித்தும் மருந்து ஒழுங்காக வருகிறது.

காசுக் கணக்குக்கு வருகிறேன். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது. 2024 இல் 1,350. ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் ஊர்வலம், வழக்கு, வர்த்தமானி, மாலை, பட்டாசு. அந்தச் சம்பளமும் குறித்த கிலோக் கொழுந்து எடுத்தால்தான். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வயிறு முன்னுக்கு வந்தவள் செடியை நெருங்கிக் குனிய முடியாது, கை எட்டாது, கிலோ குறையும், பேர் பாதியாகும். உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிற மாதங்களில்தான் கைக்கு வருவது குறைகிறது. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால், பல இடங்களில் அன்றைக்குப் பேரே இல்லை. பஸ் காசு வேறு. ஆக, இலவச மாத்திரையின் விலை ஒரு நாட்சம்பளமும் பஸ் காசும். கொழும்பில் இறக்குமதி செய்த பல்சத்துக் குளிசை வாங்குகிற நோனாகூட ஒரு நாளுக்கு இவ்வளவு கொடுக்க மாட்டார்.

வெள்ளைக்காரத் துரைகளைக் கொடுமைக்காரர்கள் என்று திட்டிப் பழகிவிட்டோம். அவர்கள் காலத்து 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதத்துக்குப் போதிய சாப்பாடு கொடு என்று துரைக்கே கடமை விதித்தது. கவனியுங்கள், சாப்பாடு. ஆலோசனை அல்ல. எத்தனை துரை கொடுத்தான் என்பது வேறு கதை. ஆனால் சட்டம் எழுதியவனுக்குப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தேவை சோறு என்றாவது தெரிந்திருந்தது.

சாப்பாட்டுக்குப் பதிலாக நமக்கு வாய்த்தது திரிபோஷா. 1973 இலிருந்து சோளமும் சோயாவும் கலந்து தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுக்கும் மா. நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். அதில் எங்கள் பெண்கள் மீதுள்ள குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பக்கெட்டை வீட்டில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்களாம். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு முன்னால் தாய் மட்டும் உருண்டை பிடித்துச் சாப்பிட வேண்டுமாம். வள்ளுவர் அறம் என்று வைத்ததை நம்முடைய அலுவலகங்கள் துஷ்பிரயோகம் என்று கோப்பில் எழுதுகின்றன.

பிறகு 2021 வந்தது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார். முதன்முறையாகத் தேயிலைச் செடியும் எங்களைப் போல் பட்டினி கிடந்தது. அடடா, அப்போது பார்க்க வேண்டுமே கொந்தளிப்பை! கம்பனிகள் கதறின, சங்கங்கள் அறிக்கை விட்டன, பேராசிரியர்கள் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார்கள். நைதரசன் இல்லாமல் ஓர் உயிர் எப்படி வாழும் என்று நாடே கேட்டது. மாதங்களுக்குள் தடை போயிற்று. அதே தடையில் சோளமும் விழுந்தது. சோளம் இல்லாமல் 2022 இல் திரிபோஷா நின்றது. அந்தச் செப்டெம்பரில், திரிபோஷாவில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கம் சொன்னது. இல்லை என்றார் அமைச்சர். இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் வாதாடிய மாதங்களில் பல பெண்கள் வயிறு வளர்ந்து, பிள்ளை பெற்று, மறுபடி பெரட்டுக்கும் வந்துவிட்டார்கள். மண்ணின் பட்டினிக்கு ஒரு வருஷம்கூடப் பொறுக்காத நாடு இது.

கோதுமை மாவையும் விட்டுவைக்கவில்லை. தோட்ட மக்கள் ரொட்டிதானே தின்கிறார்கள், மாவிலேயே இரும்பைக் கலந்துவிடலாம் என்று ஆய்வு செய்து பார்த்தார்கள். முடிவு 2004 இல் வெளியானது: இரத்தம் ஏறவில்லை. இரும்புத் தூளைத் தின்ன வைக்கக்கூடத் துணிந்தார்கள், மீனும் முட்டையும் வாங்கும் சம்பளத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கலவானைக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தத் தொகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினர் தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்தபோது, 1981 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்து கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவகம வென்றார். பழையவரையும் விட மனமில்லாமல், கலவானைக்கு இரண்டு உறுப்பினர் வைக்கலாமா என்று அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்றதும் கைவிட்டார்கள். ஓர் ஆசனத்தில் இரண்டு பேரை உட்கார வைக்க அரசியலமைப்பைத் திருத்தலாம். ஓர் உடம்பில் இரண்டு உயிரைச் சுமக்கிறவளுக்கு இரண்டு பங்கு சோறு போட ஒரு சுற்றறிக்கைகூட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே எண்பதுகளில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் 500 ரூபா கொடுத்தார்கள். தோட்டப் பெண்ணுக்கு அது பல வாரக் கூலி. அந்த நாளில் லொறி வாசலுக்கு வந்தது, ஓய்வும் கிடைத்தது. பிள்ளை பிறக்காமலிருக்க வாகனம், காசு, ஓய்வு மூன்றையும் எப்படி ஏற்பாடு செய்வது என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு இரும்பும் கல்சியமும் சேர்க்கவென்றால் மட்டும் தாய் மலையிறங்கி நடக்க வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டம் கனிமத்துக்குப் பேர் போனது. 2021 இல் 510 கிலோ நீலக்கல் கொத்து ஒன்று வெளிப்பட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது, அதைக் கரட் கரட்டாக நிறுத்து 25 லட்சம் என்றார்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 11 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும் என்ற கணக்கு அந்தத் தராசுக்கு ரொம்பச் சின்னது. நாட்டளவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் 17%, தோட்டத்தில் 32% என்று 2016 இன் குடித்தொகை சுகாதார ஆய்வு சொன்னது. இதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: பழக்கவழக்கம், வெற்றிலை, அறியாமை. பக்கத்துச் சிங்கராஜ வனத்துத் தவளை எதைத் தின்கிறது, எத்தனை முட்டையிடுகிறது என்று ஆராய விஞ்ஞானிகள் மழையில் நனைகிறார்கள். தேயிலைப் பெட்டியின் முத்திரையிலும் ஒரு பச்சைத் தவளை கொழுகொழுவென்று சிரிக்கிறது.

ஜூன் வந்தால் போசணை மாதம். கலவானையில் ஜூன் என்றால் மழை, மண்சரிவு, அடைபட்ட வீதி. 2017 மே மாதம் இந்த ஊரே துண்டாகிக் கிடந்தது. ஆனாலும் பதாகை வரும், பிரதம விருந்தினர் வருவார், குத்துவிளக்கு எரியும், சிறந்த போசணைத் தட்டுக்குப் பரிசும் உண்டு. வந்தவர்களிடம் எனக்குச் சில கேள்விகள். அவள் மாத்திரை போட்டாளா என்று கேட்பதற்கு முன்னால் இவற்றுக்குப் பதில் வேண்டும். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட எந்தத் துரைக்கு, எந்தத் திகதியில் எழுதினீர்கள்? ஆறாம் மாதத்துக்குப் பிறகு கிலோக் கணக்கிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை விடுவிக்க எந்தக் கம்பனி ஒப்புக்கொண்டது? கர்ப்பிணிக்கு மாதம் 4,500 வீதம் பத்து மாதத்துக்கு 45,000 ரூபா போசணைக் கொடுப்பனவு என்று அறிவித்தீர்களே, லயத்துக்கு முகவரி இல்லாமல் தபால் எல்லாம் தோட்டக் கந்தோரில் குவிகிறபோது, அந்தக் கடிதம் அவள் கைக்கு எந்த மாதத்தில் கிடைக்கிறது? பெரட்டுக் களத்தில் ஃபோலிக் அமிலப் போத்தல் ஒன்றை வைத்து, கல்யாணப் பதிவைக் கேட்காமல் வயதுவந்த பெண்களுக்குக் கொடுக்க என்ன தடை? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாளுக்கு ஒரு அவித்த முட்டை கொடுத்தால் எந்தக் கம்பனி மூழ்கும்? தமிழ் தெரிந்த மிட்வைஃப் ஒருவர் இந்தப் பிரதேசத்துக்கு எப்போது வருவார்?

பதிலை எழுத்தில் தாருங்கள். சிங்களத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பின்வாங்கில் அந்தத் தங்கச்சி இருக்கிறாள், வாசித்துச் சொல்லுவாள்.